ஆன்ட்டி வீட்டு ரெக்கார்டு

மதுவிலக்குக் காலத்துத் தாராவியில் ஆன்ட்டி வீட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. போலீசாருக்கு மட்டும் தெரியாது. அதாவது, தெரியாததுபோல் இருப்பார்கள். முன்னறையில் கிராமபோன் பாடும், பின்னறையில் சாராயம் ஓடும். கப்பலில் வந்த அமெரிக்கக் கறுப்பர் ஒருவர் அங்கே விட்டுப்போன பழைய ரெக்கார்டை, கிராமபோனோடு சேர்த்து இரவல் வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சித்தப்பா எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தார். துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர் அவர். சினிமாப் பாட்டு கேட்கப்போகிறோம் என்று நான் குதித்தேன்.

கரகரவென்ற இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் எழுந்தது. ஒரு வரியைப் பாடினாள். அதையே மறுபடியும் இழுத்தாள். மூன்றாவது வரியில் அதற்குப் பதில் சொல்வதுபோல் முடித்தாள். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் திருநெல்வேலிக்காரிக்கு அந்த இழுப்பு தெரியாமலா போகும்? அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

"என்ன தம்பி இது, வெளக்கு வைக்குற நேரத்துல வீட்டுக்குள்ள ஒப்பாரி! நான் வயித்துல புள்ளையோட இருக்கது தெரியலையா?"

"ஒப்பாரி இல்ல மதினி, இங்கிலீசுப் பாட்டு. அவுக ஊர்லயும் ஆன்ட்டி வீடு மாதிரி எடத்துலதான் பாடுவாவளாம்."

சாராய வீட்டுப் பாட்டு என்றதும் அம்மாவின் கோபம் இரட்டிப்பானது. அவளே ஊசியைத் தூக்கிவிட்டாள்.

மூலையில் சித்தி உட்கார்ந்திருந்தாள். போன மாதம்தான் அவள் பிள்ளை பிறந்து, பெயர் வைக்குமுன்பே போய்விட்டது. பெயர் வைக்காத பிள்ளைக்கு ஒப்பாரி கிடையாது என்பது எங்கள் வழக்கம். யாரும் பாடவில்லை, சித்தியும் அழவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், தண்ணீர் எடு என்றால் எடுப்பாள். அன்றுதான் தானாக வாய் திறந்தாள்.

"யக்கா, அந்தப் பொம்பளைக்குப் போனது ஆம்பளப்புள்ளையா பொம்பளப்புள்ளையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என்னை அதட்டினாள். "முடியட்டுமே மதினி" என்று சித்தப்பா கெஞ்சிப் பார்த்தார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்துவிட்டுப் பெட்டியை மூடினார். அவர் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு போனபோது சித்தி வாசல்வரை பின்னாலேயே போனாள்.

தம்பி நல்லபடியாகப் பிறந்தான். அதற்குள் சித்தி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல், ஊருக்கு ரயிலேறிவிட்டாள். திரும்பி வரவே இல்லை. அம்மாவைக் குறை சொல்ல இப்போதும் மனம் வரவில்லை. அவள் பயம் அவளுக்கு. ஆனாலும் அந்தப் பாட்டு இன்னும் கொஞ்சநேரம் ஓடியிருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குப் போகவில்லை. சித்தப்பா குடித்துவிட்டுக் கூத்தடிக்கிறார் என்றுதான் அன்று நினைத்தேன். தன் பிள்ளைக்காக அழ ஊரில் ஒருத்தியும் இல்லையென்று, கடலுக்கு அப்பாலிருந்து ஒருத்தியைச் சித்தப்பா கூட்டி வந்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.