சேலைன் விருந்து

டெக்ஸஸில் எங்கள் தெருவில் யாரும் தாகம் எடுத்துத் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் வருமுன்பே குடித்துவிட வேண்டுமாம்; வந்துவிட்டால் அது தோல்வி. அதனால் பெரிய மனிதர்களெல்லாம் உறிஞ்சுகுழாய் வைத்த பெரிய போத்தல்களைப் பால்குடி மறவாத பிள்ளைகள்போலக் கட்டிக்கொண்டு திரிகிறார்கள். பக்கத்து வீட்டுக் கெவின் காலையில் வேலிக்கு மேலால் எட்டி, “ஹைட்ரேட்டடா இருக்கிறாயா?” என்று கேட்பான். சுகம் விசாரிக்கிறான் என்று நினைத்து, வந்த புதிதில் “அல்ஹம்துலில்லாஹ், உன் வீட்டில் எல்லாரும் எப்படி?” என்பேன். கல்முனையில், எங்கள் ஊரில், கச்சான் என்னும் வெக்கைக் காற்று கண்ணில் மண்ணை வாரி அடிக்கும், உதடு வயல்போல் வெடிக்கும். ஒரு கோப்பைத் தண்ணீரோடு குந்தி, பிஸ்மி சொல்லி, மூன்று மிடறு. அவ்வளவுதான். அதற்கென்று ஒரு தொழிலோ ஒரு வாகனமோ தேவைப்பட்டதில்லை.

இங்கே வாகனம் இருக்கிறது. சென்ற சனிக்கிழமை கெவின் வீட்டுக் கொல்லையில் கோடை விருந்து. இறைச்சி சுட்டார்கள், ஹலால் இல்லை என்று மறுத்தேன். பியர் நீட்டினான், அதையும் மறுத்தேன். அப்போதுதான் வெள்ளை வேன் ஒன்று வந்து நின்றது. ஆருக்கோ மாரடைப்பு என்று நான் எழுந்தே விட்டேன். இறங்கிய தாதிக்கோ சிரித்த முகம், கையில் ஒரு பட்டியல்: களைப்புக்கு ஒன்று, நாளைய தலையிடிக்கு இன்றே ஒன்று, முகப்பொலிவுக்கு மஞ்சள் நிறத்தில் ஒன்று. விருந்தாளிகள் சாய்வுக் கதிரைகளில் வரிசையாகப் படுத்துக் கையை நீட்ட, தாதி சேலைன் ஏற்றினாள். பக்கத்தில் ஐஸ் பெட்டி நிறையத் தண்ணீர்ப் போத்தல்கள், திறக்க ஆளில்லாமல். “குடித்தால் போதாதா?” என்று தாதியிடம் கேட்டேன். “குடித்தால் அது வயிறு வழியாகத்தானே போகவேண்டும்?” என்றாள் என் மேல் பரிதாபப்பட்டு. இத்தனை காலமும் வயிற்றை நம்பி மோசம் போயிருக்கிறேன்.

“உனக்கும் ஒன்று ஏற்றச் சொல்லியிருக்கிறேன்” என்றான் கெவின், பெருமையோடு. விருந்துக்காரன் தந்ததை ஒருதரம் மறுக்கலாம், இரண்டுதரம் மறுக்கலாம். மூன்றாந்தரமும் மறுத்தால் எங்கள் பக்கத்தில் அது பகை. பிறகு கலியாணத்துக்கும் வரமாட்டார்கள், கந்தூரிக்கும் வரமாட்டார்கள். கல்முனை வளர்த்த மரியாதை கையை நீட்டிற்று. ஊசி ஏறிய கையை மற்றக் கையால் ஒரு படம் எடுத்து, ஊரிலிருக்கும் என் ஒரே அக்காவுக்கு, ராத்தாவுக்கு, அனுப்பினேன். இந்தச் சனத்தின் கூத்தை நாலு வரியில் நையாண்டி செய்து கூடவே அனுப்பத்தான் நினைத்தேன். ஒற்றைக் கையால் எழுத வரவில்லை. கைபேசியை ஐஸ் பெட்டியின் மேல் வைத்தேன். அங்கேயே மறந்தும் போனேன். தனியாள் வீடு, போனதும் தூங்கினேன்.

எங்கள் ஊரில் ‘சேலைன் ஏத்தியிரிக்கி’ என்பது சாதாரணச் செய்தியல்ல. வாப்பாவுக்கு ஏற்றியபோது முதல் போத்தல் பாதி இறங்குமுன் சாய்ந்தமருது, மருதமுனைச் சொந்தமெல்லாம் கட்டிலைச் சூழ்ந்துவிட்டது. தோடம்பழப் பைகளுக்கு நடுவே நோயாளியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு மூலையில் யாசீன் ஓதல், மறு மூலையில் மாப்பிள்ளைப் பேச்சு.

காலையில் கெவின் கைபேசியைக் கொண்டுவந்து தந்தான். “இரவெல்லாம் துடித்தது. உன்னை யாரோ மிகவும் நேசிக்கிறார்கள்” என்று கண்ணடித்தான். எடுத்து ராத்தாவைக் கூப்பிட்டேன். ராத்தாவின் கணவர், என் மச்சான்தான் பேசினார்.

“டேய், நீ ஹயாத்தோட, உசிரோட இரிக்கியா?”

“என்ன மச்சான் கேள்வி இது?”

“அப்ப அந்தச் சேலைன்?”

“அது விருந்துல ஏத்தினது.”

“விருந்துல சோறு போடுவாங்க. சேலைன் எந்த ஊர்லடா போடுவான்? இஞ்ச உன்ட ராத்தா, நீ சுகமாகணும் எண்டு மூணு நோம்பு நேந்து, இண்டைக்கே தொடங்கி, பின்னேரம் அசறுக்கு முந்தியே மயங்கி உழுந்திட்டா. இப்ப அவக்குத்தான் ஏத்துறாங்க.”

ராத்தாவுக்குச் சீனி வருத்தம். றமழானிலேயே நோன்பு வேண்டாம் என்று டொக்டர் தடுத்திருந்தார். கச்சான் காற்றில், ஒரு மிடறு தண்ணீரில்லாமல் கிடந்திருக்கிறாள், பியர்க்காரர்களோடு சாய்ந்து படுத்திருந்த எனக்காக. திரையில் அவளுடைய முகம் வந்தது, மேலே தொங்கும் போத்தலோடு.

“என்ன வருத்தம்? உள்ளதச் செல்லு மனே.”

“ஒண்டுமில்ல ராத்தா. சும்மாதான் ஏத்தினாங்க.”

“சும்மா குடுக்க அதென்ன தேத்தண்ணியா?” என்றவள், கொஞ்சம் யோசித்து, “ஆக்கிப்போடப் பஞ்சிப்பட்ட சோம்பேறிச் சனம் போல. வந்த ஆளுக்கு ஊசியக் குத்தி அனுப்பிரிக்கானுகள்” என்றாள். அமெரிக்க நாகரிகத்தைப் பற்றி நான் எழுத நினைத்த நாலு வரியையும் அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். பிறகு சொன்னாள்: “இண்டையான் நோம்பு முறிஞ்சிட்டு. நாளைலேந்து மறுகாப் புடிக்கணும்.”

பின்னாலிருந்து மச்சான் கத்தினார்: “இன்னொரு நாள் இப்பிடிக் கிடந்தா கிட்னிய நம்பேலாதாம்! நீயாவது செல்லுடா!”

“நான்தான் சுகமாயிட்டனே ராத்தா.”

“அப்ப நேர்ச்ச கடனாயிட்டு. இனிக் கட்டாயம் புடிக்கணும்.”

“அந்த மூணையும் நான் புடிக்கிறன்.”

“நீயா? தேத்தண்ணி இல்லாட்டித் தலையிடி எண்டு அழுற ஆள்!”

“வல்லாஹி புடிக்கிறன். நீங்க முதல்ல தண்ணி குடிங்க.”

ஒருவர் நேர்ந்ததை இன்னொருவர் நோற்கலாமா என்று மௌலவியைக் கேட்டால் வேறு பதில் வரும். ராத்தாவிடம் அதைச் சொல்லும் துணிவு மௌலவிக்கும் இராது. அவள் கோப்பையை வாங்கினாள். மூன்று மிடறு. தொண்டை ஏறி இறங்குவதை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இன்று என் முதல் நோன்பு. வேலிக்கு மேலால் கெவின் நீல நிறத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை நீட்டினான். நோன்பு என்றேன். “தண்ணீர் கூடவா?” என்று திகைத்தவன், வேன்காரியின் இலக்கத்தை அனுப்பிவைத்தான். பாவம், நல்லவன்.

நான் வீட்டுக்குள் வரவும் ராத்தா அழைத்தாள். வீட்டுக்கு வந்துவிட்டாளாம். அங்கே அந்தி; அவளுடைய குரலுக்குப் பின்னால் மஃரிப் பாங்கு, கடற்காற்றில் கிழிந்து கிழிந்து வந்தது. “பாங்கு செல்லிட்டு மனே, நோம்பத் தொற! தண்ணியக் குடி!” என்று அவசரப்படுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே டெக்ஸஸின் காலை வெயில் அப்போதுதான் கெவினின் வேலியைத் தாண்டிக்கொண்டிருந்தது. என்னில் பாதிக்கு நோன்பு முடிந்துவிட்டது. மற்றப் பாதிக்கு முழுப் பகலும் கிடக்கிறது.