மிஸ்ஸி வந்த அன்று திருவிய தேங்காய்

போன வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன், அனலைதீவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வரும்.

ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு நண்டுத் தொழிற்சாலையில் எனக்கு வேலை; நாளாந்தம் படகில் போய்வருவேன். அவித்த நண்டை உடைத்து, சின்னக் கத்தியால் சதையை எடுக்க வேண்டும். நாள் முழுக்க அதே கை, அதே திருப்பல். ஏழாவது வருடத்தில் வலது மணிக்கட்டு என்னோடு கோபித்துக்கொண்டது. விரல்கள் விறைத்து, பிடித்த கத்தி தானாக விழும். டொக்டர் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், மருத்துவ லீவு எழுதித் தந்தார்.

ஓய்வாலும் அவர் சொல்லித்தந்த பயிற்சியாலும் நான்காவது கிழமையே கை ஓரளவு தேறிவிட்டது. மனம்தான் தேறவில்லை. நீண்ட லீவில் நிற்பவர்களை மெல்ல வேலையால் நிறுத்திவிடுவார்கள் என்று படகில் யாரோ சொன்ன கதை எனக்குள் புகுந்துகொண்டது. என் கணவர் கடலுக்குப் போகிறார்தான். ஆனால் காற்றுக் காலத்தில் எங்கள் வீட்டு உலை என் சம்பளத்தில்தான் கொதிக்கும்.

வேலையாட்களின் உடல்நலம் பார்க்கவென்று கொம்பனி புதிதாக ஒரு தாதியை எடுத்திருந்தது. நாங்கள் மிஸ்ஸி என்போம். லீவில் நிற்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறாவாம் என்று கேள்விப்பட்டேன். உளவு பார்க்கத்தான் வருகிறா என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு காலை, லீவெடுத்த பிறகு முதல் தடவையாகத் திருவலையில் ஏறி இருந்து தேங்காய் திருவிப் பார்த்தேன். பாதி முடிந்தது. நோகவேயில்லை. சந்தோஷத்தில் பாட்டுப் பாடாத குறைதான். அப்போது இறங்குதுறையில் தேநீர்க்கடை வைத்திருக்கும் அக்கா போன் எடுத்தா.

“உங்கட கொம்பனி மிஸ்ஸி இப்பதான் படகால இறங்கினவா. வழி கேட்டுக்கொண்டு வாறா.”

நோயாளியைப் பார்க்க ஆள் வந்தால் வருத்தக்காரர் படுத்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் அதுதான் மரியாதை. ஓடிப்போய்க் கட்டிலில் விழுந்தேன். கையில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு, முனகல் வேறு பழகிப் பார்த்தேன்.

மிஸ்ஸி என்னைவிட இளையவ. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, கை எப்படி என்று கேட்டா.

“ஒண்டுக்கும் ஏலாது மிஸ்ஸி. தேத்தண்ணிக் கோப்பைகூடத் தூக்கேலாது.”

சொல்லி வாய் மூடவில்லை. கடலால் வந்த கணவர் மீன் பையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். “இஞ்சரும், இண்டைக்கு உம்மட கையால தேங்காய் திருவிறன் எண்டனீர். ஏன் பாதியில விட்டிட்டீர்?”

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வேலை போய்விட்டதே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். அழுகை வந்துவிட்டது. மிஸ்ஸியின் முகமோ மலர்ந்துவிட்டது.

“பாதி திருவினீங்களோ? நோகேல்லையோ? மிச்சத்தையும் ஒருக்காத் திருவிக் காட்டுங்கோ அக்கா.”

நான் திருவ, மிஸ்ஸி குசினி நிலத்தில் குந்தியிருந்து என் மணிக்கட்டையே பார்த்துக் குறிப்பெடுத்தா. பிறகு என்னை எழுப்பி நிற்கவைத்து, அளவு நாடாவால் என் முழங்கை உயரத்தை அளந்தா. கணவர் மீன் பையைக் கீழே வைக்கவும் மறந்து நின்றார்.

“ஏலாதது எல்லாம் டொக்டற்ற கடிதத்தில கிடக்கு,” என்றா மிஸ்ஸி. “என்ன ஏலும் எண்டு பாக்கத்தான் நான் வந்தனான். உங்களை நிப்பாட்ட ஒருத்தரும் சொல்லேல்லை.”

படகில் கேட்ட கதையையும் என் பயத்தையும் அப்படியே கொட்டித் தீர்த்தேன். மத்தியானப் படகு வரும்வரை எங்களோடு இருந்து, அந்தத் தேங்காய்ப்பாலில் வைத்த சொதியோடு மிஸ்ஸி சோறு சாப்பிட்டா. சாப்பாட்டுக்கு நடுவிலேயே திட்டம் தயாரானது. முதல் இரண்டு கிழமை அரைநாள் வேலை, அதுவும் எடுத்த சதைக்குள் ஓட்டுத்துண்டு கிடக்கிறதா என்று பார்ப்பது மட்டும். திரும்பக் கத்தி பிடிக்கும்போது மணிக்கொருதரம் கைக்கு ஓய்வு.

நான் வேலைக்குத் திரும்பிய அன்று மேசை என் முழங்கைக்கு ஏற்ற உயரத்தில் நின்றது. பிறகு பிடிக்கவென்று எனக்கு வைத்திருந்த கத்தியின் பிடியில் தடித்த றப்பர் சுற்றியிருந்தது. பக்கத்தில் இருந்த பெண்கள் தங்களுக்கும் அப்படி வேண்டும் என்று கேட்க, சில மாதத்தில் அவர்களின் மேசைகளும் உயர்ந்தன. எல்லாம் என் கையால் வந்ததுதான் என்று நான் கொஞ்சம் பெருமையடித்ததும் உண்மை.

இப்போது யாராவது கை எப்படி என்று கேட்டால், என்னென்ன ஏலும் என்றுதான் தொடங்குகிறேன். சொல்லச் சொல்ல அது நீண்டுகொண்டே போவதைக் கேட்க எனக்கே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.