ராயன் மரத்தில் இருந்தபோது

டப்ளினில் நான் வேலை பார்க்கும் ஹோட்டலில், வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கும்போது அப்பா என்ன செய்கிறார் என்று கேட்கக் கூடாது. போன மாதம் கேட்டுவிட்டேன். வாய் தவறியெல்லாம் இல்லை, பழக்கம். வந்திருந்த பெண் பதறிப்போய், "எனக்கு இங்கே யாரையும் தெரியாது, நேராகத்தான் விண்ணப்பித்தேன்" என்றாள். சிபாரிசோடு வந்தாளா என்று நான் சோதிப்பதாக நினைத்துவிட்டாள். பிறகு கூட வேலை பார்க்கும் ஓர்லா என்னைத் தனியே கூப்பிட்டு, "அவள் அப்பாவா இந்த மேசையில் நிற்கப்போகிறார்?" என்று கேட்டாள். எங்கள் ஏற்காட்டில் அவர்தான் நிற்பார். பிள்ளை வேலை கேட்டுப் போனால் அவனுக்கு முன்னால் அவன் அப்பா போய் நிற்பார், செத்திருந்தாலும்.

என் அப்பா நாகலூரில் எஸ்டேட் ரைட்டர், ஆள் கணக்கும் கூலிக் கணக்கும் எழுதுபவர். ராயனின் அப்பா அதே எஸ்டேட்டில் ஏணி போட்டு மிளகு பறித்த மலைக்காரர். ராயனும் நானும் ஒரே பெஞ்ச். என்னைவிட அவனுக்கு இங்கிலீஷ் நன்றாக வரும்; என் விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்ததே அவன்தான். பன்னிரண்டாவது முடிந்ததும் ஒரே பஸ்ஸில் ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றுக்கு, வரவேற்பு மேசை வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போனோம். "யாரு ஊட்டுப் பையன் கண்ணு?" என்றார் மேனேஜர். சொன்னேன். "ரைட்டர் பையனா? உக்காரு சாமி." ராயனும் சொன்னான். "மிளகு பறிக்கிறவரா? நொம்ப நல்லதாப் போச்சு. டிவி ஒயரு அந்த சில்வர் ஓக்குல மாட்டிக்கிச்சு. ஏறி எடுத்து உடு கண்ணு."

ராயன் மார்க் ஷீட் இருந்த உறையை என் கையில் கொடுத்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையைக் கழற்றினான். அவன் இறங்குவதற்குள் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. "இவன் மார்க்கைப் பாருங்க சார்" என்று உறையை நீட்டியிருக்கலாம். நீட்டவில்லை. பயம் இல்லை. இருந்தது ஒரே வேலை, அது எனக்கு வேண்டும். அவனைத் தோட்ட வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். "மரம் ஏர்றதுக்கு எதுக்குடா பன்னண்டாவது?" என்று பஸ்ஸில் சிரித்தான்.

அந்த மேசையில் கற்றதை வைத்துத்தான் சேலம், துபாய், டப்ளின் என்று வந்தேன். இங்கே நம் ஆட்கள் கூடினால், சொந்த உழைப்பில் வந்தோம் என்று பேசுவார்கள். கேட்டால் எரிச்சல் வருகிறது. நானும் அதையேதான் பேசிக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிறு ராயன் கூப்பிட்டான். அவன் மகள் காவேரி காலேஜ் முடித்துவிட்டாள். அதே லாட்ஜில் அதே மேசைக்கு ஆள் தேடுகிறார்கள். இப்போது அங்கே மேனேஜர், பழைய மேனேஜரின் மகன்.

"யாரு ஊட்டுப் புள்ளைன்னு கேப்பாங்கடா. உனக்கு வேண்டிய புள்ளைன்னு ஒரு போன் போட்டுடு."

"அவ மார்க்கு போதாதா?"

"என் மார்க்கு உன் கையிலதான இருந்துச்சு" என்றான். அதற்கும் சிரித்தான்.

போன் செய்தேன். "ரைட்டர் பையன் பேசறேனுங்க" என்றுதான் ஆரம்பித்தேன். சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது. ஆனால் நடந்தது. நேற்று காவேரியிடமிருந்து செய்தி: "வேலை கெடச்சிருச்சுங்க மாமா. அப்பா பேரைக் கேக்கவே இல்லீங்க." சந்தோஷமாகத்தான் எழுதியிருக்கிறாள்.

இங்கே என் சட்டையில் குத்தியிருக்கும் பட்டையில் என் பெயர் மட்டும்தான். என் அப்பா யாரென்று இந்த ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஏற்காட்டு மேசையில் காவேரி நிற்கிறாள். அவளுக்கு முன்னால், ராயன் நிற்க வேண்டிய இடத்தில், செத்துப்போன என் அப்பாவும் நானும் நிற்கிறோம்.