பூதத்தான் கல்

பூதத்தான் தண்ணீரில் சாகவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில், காற்றாடிக்கு அடியில் கட்டிலில் படுத்து, மஞ்சள் காமாலையில் செத்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யார் என்ன சொன்னாலும், நானே சொன்னாலும், நீங்கள் நம்பக்கூடாது.

அம்பாசமுத்திரத்துக்குக் கீழே தாமிரபரணி வளைகிற இடத்தில் எங்கள் ஊர்த் துறை. படியிறங்கி நாலு எட்டு வைத்தால் முழங்கால் தண்ணீர். அஞ்சாவது எட்டில் கசம். ஆற்றுக்குள் கிடக்கிற கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே அலைகூட இருக்காது. பார்த்தால் குளிக்கத்தான் தோன்றும்.

பூதத்தான் வாலிபத்தில் தூத்துக்குடிக்குப் போய்ச் சங்கு குளித்தவர். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்குகிற வித்தையை அங்கே படித்துவிட்டு வந்தார். எங்கள் ஆற்றில் அப்படி இறங்கிய முதல் ஆள் அவர்தான். முதல் தடவை பார்த்தபோது நான் சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, சிலிண்டர் இருக்கு, அடுப்பை எங்க?"

"அடுப்பு உள்ள இருக்குலே. பொங்கித் தாரேன், நீயும் இறங்கு."

அன்றைக்கு அவர் மேலே கொண்டுவந்தது காலேஜுக்குப் போகிற ஒரு பெண்பிள்ளையின் உடலை. அதற்கப்புறம் நான் கேலி பேசவில்லை. பாபநாசத்திலிருந்து ஸ்ரீவைகுண்டம் வரை யார் மூழ்கினாலும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். உயிரோடு எடுத்தது நாலு பேர், உயிரில்லாமல் எடுத்தது எழுபதுக்கு மேல் என்பார். எடுத்த அன்றைக்குச் சோறு இறங்காது. அந்த எரிச்சலில்தான் கசத்துக்கு நேரே கரையில் நின்ற பாறை முழுக்கச் சிவப்புப் பெயிண்டை அடித்துவைத்தார். சிவப்பு என்றால் ஆபத்து, அவ்வளவுதான் அவர் கணக்கு.

அவருக்கு ஒரே ஒரு திமிர் உண்டு. "இந்த ஆறு என்னைக் கொண்டுபோவாதுலே. கொண்டுபோச்சுன்னா என் பேரை மாத்திக் கூப்பிடு" என்பார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக் கட்டிலில்தான் செத்தார்.

அவர் போன அடுத்த தை மாதம் நற்பணி மன்றத்தார் அவரைக் கௌரவிக்கக் கிளம்பினார்கள். தலைவர் கோமதிசங்கர், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனுசர். பாதையைச் செதுக்கி, படியைக் கழுவி, சிவப்புப் பாறையில் பேரை எழுதச் சொன்னார். போர்டு எழுதுகிறவன் இந்த ஊரில் நான்தான். பூதத்தானின் பெண்சாதி மாரித்தாய் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பேருக்குக் கீழ 'கசம் கிடக்கு, இறங்காதிய'ன்னும் எழுதச் சொல்லுங்க சார். அவிய கடைசிவரை அதைத்தான் கத்துனாவ."

"நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமா எழுதச் சொல்லுதியேம்மா" என்றார் கோமதிசங்கர். "செந்தூர்பாண்டி, நீரு பேரை மட்டும் எழுதும் வே. பெருசா இருக்கட்டும்."

எழுதினேன். சிவப்பில் மஞ்சள் எழுத்து, ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். எழுத்து அழகாக விழுந்த சந்தோசத்தில் மாரித்தாய் சொன்னதை மறந்தே போனேன். மாலை போட்டார்கள், தேங்காய் உடைத்தார்கள், சூடம் காட்டினார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பூதத்தான் என்றால் காவல் தெய்வம். நேர்ந்து பெற்ற பிள்ளைக்கு அந்தப் பெயரை விடுவார்கள், இவருக்கும் அப்படித்தான் விட்டார்கள். உள்ளூர்க்காரனுக்கு ஆளும் தெரியும், கல்லும் தெரியும். பாபநாசத்துக்கு வேனில் வருகிற வெளியூர்க்காரனுக்கு என்ன தெரியும்? ஆற்றங்கரையில் சிவப்புக் கல், அதில் பூதத்தான் என்று பேர், மேலே வாடின மாலை. முதலில் ஒரு எலுமிச்சம்பழம் வந்தது. அப்புறம் மணி கட்டினார்கள். மாசியில் பொங்கலே வைத்துவிட்டார்கள். குளிக்காமல் சாமி கும்பிடலாமா? சாமிக்கு நேரே இருக்கிற படியில் இறங்கிக் குளித்தார்கள். பங்குனியில் ஒருத்தன் போனான். சித்திரையில் ஒருத்தி. வராதே என்று சொல்லத்தான் அந்தக் கல். நான் பேர் எழுதியதும் வா என்று கூப்பிட்டது.

ஆபத்து என்று சர்க்கார் வைத்த போர்டு ஒன்று பக்கத்திலேயே நிற்கிறது. அதில் ஈரத் துண்டைக் காயப்போடுகிறார்கள்.

மாரித்தாய் வீட்டைப் பூட்டிவிட்டுக் காலையிலிருந்து பொழுது அடைகிற வரை அங்கேயே நிற்க ஆரம்பித்தாள். கையை விரித்துக்கொண்டு, "இறங்காதிய! சாமி இல்ல, அது எம் புருசன்!" என்று கத்துவாள். கத்திக் கத்திக் குரல் உடைந்துபோனது. அவிழ்ந்த தலையைக் கட்டவும் மறந்துபோனாள்.

ஆடி மாதம் முதல் ஞாயிறு, விருதுநகர்ப் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்தது. நானும் அன்றைக்கு அங்கே நின்றேன். மாரித்தாய் ஓடிப்போய் மறித்துக் கத்தினாள். அந்த வீட்டுப் பெரியவர் அவள் கோலத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"ஆத்தா வந்திருக்கா! எல்லாரும் விழுந்து கும்பிடுங்க!"

குலவை போட்டார்கள். அவள் காலைக் கட்டிக்கொண்டு ஒரு அம்மாள் வாக்குக் கேட்டாள். "என்னை விடுங்க தாயி, அந்தப் புள்ளையைப் பிடிங்க" என்று மாரித்தாய் துடிக்கத் துடிக்க, பெரியவரின் மருமகன் துண்டைக் கட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான். கல்யாணமாகி எட்டு மாதம். நான் ஓடினேன். முழங்கால் தண்ணீரில் நின்று கத்தத்தான் முடிந்தது, எனக்கு அதற்கு மேல் நீச்சல் கிடையாது. தீயணைப்புக்காரர்கள் மறுநாள்தான் எடுத்தார்கள்.

அதற்கும் மறுநாள் காலையில் மாரித்தாய் என் வீட்டு வாசலில் நின்றாள்.

"தம்பி, பெயிண்டை எடுத்துட்டு வாரும்."

"பேரை அழிச்சிருதேன் மதினி. ஆபத்துன்னு எழுதிருதேன்."

"அழிக்க வேண்டாம். கீழ எழுதும். இந்தக் கசத்துல முங்கிச் செத்தான்னு எழுதும். துணைக்கு ஆள் கேக்கான்னு எழுதும்."

"என்ன சொல்லுதிய? அண்ணன் கட்டில்ல செத்தாவ. ஆறு தொட முடியாத மனுசன். ஊருக்கெல்லாம் தெரியுமே."

"ஊருக்குத் தெரிஞ்சா போதும். வாறவன் சாமின்னா கும்பிடுவான், பேய்னாத்தான் ஓடுவான்." அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவிய திமிரைப் பார்த்தா நான் அடுத்த புள்ளையை எப்படிப் பார்ப்பேன்? எழுதும் தம்பி."

கறுப்புப் பெயிண்டில் எழுதினேன். அழுதுகொண்டே எழுதினேன், மறைக்க என்ன இருக்கிறது? 'இந்தக் கசத்தில் மூழ்கி இறந்தவர். துணைக்கு ஆள் கேட்கிறார்.' மாரித்தாய்க்கு எழுத்து தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். "இன்னும் கொஞ்சம் பெருசா எழுதும்" என்றாள்.

விசயம் தெரிந்து கோமதிசங்கர் மூச்சிரைக்க வந்தார். "என்ன வே இது, அந்த மனுசனையே கேவலப்படுத்திட்டீரே!" என்று என்னிடம் பாய்ந்தார். மாரித்தாயைப் பார்த்ததும் திரும்பி நடந்தார்.

பெயிண்ட் காயும் முன்பே ஒரு வேன் வந்து நின்றது. பத்துப் பன்னிரண்டு பேர் சோப்பும் துண்டுமாக இறங்கினார்கள். முன்னால் வந்த பெண் கல்லை வாசித்தாள். வாசித்ததும் பிள்ளைகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு திரும்பினாள். "வேண்டாம், வேண்டாம், வண்டியில ஏறுங்க." ஒருவர் பாக்கியில்லாமல் ஏறினார்கள்.

டிரைவர் மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீச்சல் தெரியாத ஆளு போல. பாவம்."

நான் வாயைத் திறந்தேன். மாரித்தாய் என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"ஆமாய்யா" என்றாள் அந்த உடைந்த குரலில். "அவியளுக்கு நீச்சல் தெரியாது."