மீன்கடை நம்பரில் மேடம் ஸுஹேர்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற முதல் வாரத்திலேயே ஸுஹேருக்கு ஒன்று பிடிபட்டுவிட்டது: வீட்டில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வருவதில்லை.

அலெக்ஸாண்ட்ரியாவின் தொலைபேசி விசாரணைப் பிரிவில் முப்பது வருடங்களுக்கு மேல் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்மணி அவர். வேலை என்னவோ கேட்பவர்களுக்கு நம்பர் தேடிச் சொல்வதுதான். ஆனால் ஊர் அதோடு விடுமா? பல் டாக்டர் நம்பர் கேட்கிறவன், அதுவரை கிராம்பு வைத்துக் கடிக்கலாமா என்றும் கேட்பான். சேப்பங்கிழங்கு குழையாமல் வேக எவ்வளவு நேரம், இந்த வருஷம் வசந்தப் பண்டிகை எந்தத் தேதி, குறுக்கெழுத்தில் பிரேசில் ஆறு ஒன்று வருகிறதே அது என்ன, எல்லாம் வரும். மேற்பார்வையாளர் அந்தப் பக்கம் நகர்ந்த நேரம் பார்த்து ஸுஹேர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவார். தெரியாததை மறுநாள் தெரிந்துகொண்டு வருவார். கேட்டவன் திரும்பக் கூப்பிடப்போவதில்லை என்பது வேறு விஷயம். அப்படிச் சேர்ந்து சேர்ந்து, தலைக்குள் ஒரு கிடங்கே இருந்தது.

அவருடைய கணவர் ஷௌகி நிஜமான கிடங்கில் வேலை பார்த்தவர், துறைமுகத்தில். மூன்று வருடம் முன்னதாகவே ஓய்வு பெற்று, அந்த ஓய்வை ஓர் உத்தியோகம் போல ஒழுங்காக நடத்திவந்தார். காலையில் பால்கனி நாற்காலி, செய்தித்தாள். பத்து மணிக்குக் கீழே காப்பிக்கடையில் பகடை. மூன்று மணிக்குச் சாப்பாடு, சாப்பிட்ட கையோடு தூக்கம். இந்த ஏற்பாட்டில் மனைவிக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை. இத்தனை நாள் அந்த நேரத்தில் ஸுஹேர் வீட்டில் இருந்ததே இல்லையே.

“ஷௌகி, தக்காளி விக்கிறவன் ஏன் ‘பைத்தியக்காரி, பைத்தியக்காரி’ன்னு கூவிக்கிட்டுப் போறான், தெரியுமா?”

“விலை கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஏறி இறங்குது. அதான்.”

“அது சரி. ஆனா அது நம்ம ஊர்க் காயே இல்ல. அமெரிக்காவுலேர்ந்து கப்பல் ஏறி வந்தது. பிரமிடு கட்டினவன் ஒருத்தனும் தக்காளியக் கண்ணால பார்த்ததில்ல.”

“ஸுஹேர், நான் கேட்டேனா?”

கேட்கவில்லைதான். அதுதான் பிரச்சினை.

அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை, ஷௌகி தலையணையில் தலையை வைத்த நேரத்தில் டெலிபோன் அடித்தது.

“ஒரு கிலோ மடவை, தவிட்டுல புரட்டிச் சுட்டது. அரைக் கிலோ கணவாய், பொரிச்சது. எள்ளுச் சட்னியத் தனியா கட்டுங்க. போன தடவை சோத்துல கொட்டிடுச்சு.”

“இது வீடுங்க.”

“அப்போ மீன் இல்லியா?”

வைத்த சூட்டில் இன்னொருவர் இறால் கேட்டார். நான்காவது ஆளிடம் ஸுஹேர் விசாரித்தார். இப்ராஹிமிய்யா டிராம் நிறுத்தத்துக்குப் பின்னால் பரகாத் மீன்கடை இருக்கிறது அல்லவா, அங்கே புதிதாக ஒரு விலைத்தாள் அச்சடித்து வீடுவீடாகப் போட்டிருக்கிறார்கள். பளபளவென்று இருப்பதால் எல்லோரும் அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டிவைத்திருக்கிறார்கள். அரபு எழுத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் ஒரு கொக்கிதான் வித்தியாசம். அச்சடித்தவன் கடை நம்பரில் அந்தக் கொக்கியை விட்டுவிட்டான், அது ஸுஹேர் வீட்டு நம்பராகிவிட்டது.

படுக்கையறையிலிருந்து ஷௌகி சத்தம் போட்டார். “நாளைக்கே போய் அந்த ஆள நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்.”

“நீ எதுக்கு மாடி இறங்கணும்? நான் காய்கறிக்குப் போறப்போ சொல்லிக்கறேன்” என்றார் ஸுஹேர்.

மூன்று வாரமாக அவர் காய்கறிக்குப் போனார், வந்தார். மீன்கடைப் பக்கம் மட்டும் கால் போகவில்லை.

ஏனென்றால் மறுநாள் டெலிபோன் அடித்ததும் ஸுஹேரின் வாயிலிருந்து தானாகவே, “விசாரணை, சொல்லுங்க” என்று வந்துவிட்டது. மீன் கேட்டவருக்குச் சரியான நம்பரைச் சொன்னார். சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். ‘கிளியோபாட்ரா நிறுத்தத்துலேர்ந்து பேசறேன்’ என்று அந்த ஆள் சொல்லித் தொலைத்தார்.

“கிளியோபாட்ரா எந்தக் காலத்து ஆளுன்னு நெனைக்கிறீங்க?”

“பிரமிடு காலம்.”

“அதான் இல்ல. பிரமிடு கட்டி ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் கழிச்சுப் பொறந்தா. கணக்குப் பார்த்தா அவ பிரமிடைவிட நமக்குத்தான் கிட்டக்க.”

“வல்லாஹி, ஆண்டவன் சத்தியமா இத என் மச்சான்கிட்டச் சொல்லணும். ரொம்பத் தெரிஞ்ச மாதிரி பேசுவான்” என்றார் அவர். மறுவாரம் அந்த மச்சானே கூப்பிட்டார். மீன் வேண்டாமாம்.

வியாழக்கிழமை தவறாமல் கூப்பிடுகிறவர் மதாம் ஒடெட். ஃப்ளெமிங் பகுதியில் நான்கு பூனைகளோடு குடியிருக்கும் கிழவி. வாரம் ஒரு கொடுவா வாங்கி, நடுத்துண்டு அவருக்கு, மற்றது பூனைகளுக்கு.

“ஃப்ளெமிங்னா யாருன்னு தெரியுமா, மதாம்?” என்று ஸுஹேர் ஆரம்பித்தார்.

“ஏன் தெரியாது? அந்த வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டத்துல எங்க தாத்தா ஆரஞ்சு திருடியிருக்கார். வேற ஏதாவது கேளு.”

“அப்போ இந்த டிராம்? முதல் நாள்லேர்ந்தே நீராவியில ஓடினது.”

“போடி இவளே. முதல்ல குதிரைதான் இழுத்தது. அப்புறம்தான் எஞ்சின்.”

ஸுஹேர் மறுநாள் நகராட்சி நூலகம் வரைக்கும் போய்ப் பார்த்தார். குதிரைதான். அடுத்த வியாழன் டெலிபோன் அடிக்கும்வரை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோற்றதைச் சொல்ல இவ்வளவு அவசரப்பட்ட ஆளை ஒடெட் பார்த்ததே இல்லையாம்.

ஷௌகி தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு தூங்கப் பழகினார். ஒருநாள் டெலிபோன் ஒயரைப் பிடுங்கி வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து எழுந்து பார்த்தால் ஒயர் பழைய இடத்தில் இருந்தது. மனைவி யாருக்கோ வான்கோழியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். “நாம அத ரூமிச் சேவல்ங்கறோம், அதாவது ரோம்காரன் சேவல். இங்கிலீஷ்காரன் துருக்கின்னு பேர் வெச்சான். துருக்கிக்காரனக் கேட்டா இந்தியாங்கறான். அது பாவம் அமெரிக்காப் பறவை.” ஷௌகி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பப் படுத்தார்.

நவம்பர் நடுவில் மக்னஸா வந்தது. இந்த ஊரில் ஒவ்வொரு குளிர்காலப் புயலுக்கும் ஒரு பெயர், ஒரு தேதி உண்டு. மக்னஸா என்றால் துடைப்பம். சொன்ன தேதிக்கு வந்து, மூன்று நாள் ஊரைப் பெருக்கித் தள்ளிவிட்டுப் போகும். அலை கடற்கரைச் சாலையில் ஏறியது. துறைமுகத்தை மூடினார்கள்.

டெலிபோனில் மீன் கேட்டவர்களுக்கெல்லாம் ஸுஹேர் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டார். “படகு ஒண்ணுகூடக் கடலுக்குப் போகல. மடவை எங்கேர்ந்து வரும்? ஐஸ்ல கெடந்ததாத்தான் இருக்கும். மழைக்கு மைசூர்ப் பருப்பு சூப் வெச்சு, மேல சீரகமும் பூண்டும் வறுத்துக் கொட்டி, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு குடிங்க.”

மூன்றாம் நாள் ஒரு கனத்த குரல். “மடவை இருக்கா?”

“இன்னிக்கு மீன நம்பாதீங்க, ஐயா. பருப்பு வைங்க.”

“அப்படியா? இத்தனை அக்கறையாச் சொல்றீங்களே, நீங்க யாரும்மா?”

ஸுஹேர் பெயரைச் சொன்னார். தெருவைச் சொன்னார். மூன்றாவது மாடி என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அரை மணியில் கதவு தட்டப்பட்டது. சொட்டச் சொட்ட நனைந்த ஒரு பெரிய மனிதர் நின்றார். மூச்சு வாங்கியது. கையில் ஒரு பை.

“நான் பரகாத். வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லி வளர்த்திருக்கா. இந்தாங்க, இதப் பிடிங்க. பிடிச்சாச்சா? இப்ப சண்டைக்கு வருவோம்.”

ஷௌகி நாற்காலியைக் காட்டினார். பரகாத் உட்கார்ந்தார்.

“மேடம், மூணு நாளா என் கடைக்குப் போன் பண்ணினவன் யாரு தெரியுமா? அரிசி மண்டிக்காரன், பாக்கிக்கு. அவனத் தவிர ஒருத்தன் இல்ல. நேத்துப் பழைய கஸ்டமர் ஒருத்தர் வழியில பார்த்துச் சொல்றார், ‘உங்க கடையில போன் எடுக்கிற அம்மா தங்கமானவங்க, பருப்பு செய்யச் சொன்னாங்க’ன்னு. என் கடையில ஏதும்மா அம்மா?”

“கடல் மூடியிருக்கே, ஹாஜி. தெரிஞ்சுக்கிட்டே பொய் சொல்லச் சொல்றீங்களா?”

“கடல் மூடியிருக்கு. ஏரிய யார் மூடினா? மடவை எனக்கு எத்கூ ஏரியிலேர்ந்து வருது. காலையில கூடையில துள்ளிச்சு. பையப் பிரிச்சுப் பாருங்க.”

ஸுஹேர் பிரித்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தமாகச் சிவந்திருந்தது. கண் கண்ணாடி மாதிரி இருந்தது. பையை மூடினார்.

ஷௌகி மனைவியின் முகத்தைப் பார்த்தார். மூன்று வாரமாக இந்த ஆளிடம் சொல்வதற்கென்று அவர் சேர்த்துவைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. “நம்பரத் தப்பா அச்சடிச்சது யாரு? வெள்ளிக்கிழமைன்னா நான் கண்ண மூட முடியல. உன் கடை விலைத்தாள நீயே ஒரு தடவை பார்க்க மாட்டியா?”

“நான் பார்த்தேனே. மீன் படம் நல்லா வந்திருந்தது. என் கடைக்கு நானே எதுக்குப் போன் பண்ணப்போறேன்?”

ஷௌகி சிரித்துவிட்டார். பரகாத்தும் வேறு வழியில்லாமல் சிரித்தார். ஸுஹேர் மட்டும் சிரிக்கவில்லை. இத்தனை வருட வேலையில் தப்பான நம்பர் கொடுத்திருக்கிறார், அது யாருக்கும் நடப்பது. ஆனால் யோசிக்காமல், தெரிந்த மாதிரி ஒன்றை அடித்துச் சொன்னதில்லை. கடல் தெரிந்தது, ஏரி நினைப்புக்கு வரவில்லை. அதற்காக ஒருத்தர் பிழைப்பு மூன்று நாள் படுத்துவிட்டது.

கணவரிடம் டீ போடச் சொல்லிவிட்டு அவர் டெலிபோன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். கூப்பிட்டவர் நம்பரைக் காட்டும் சின்னப் பெட்டி ஒன்று அதில் உண்டு. கடைசியாக வந்த நம்பரிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் போனார். “நான்தான், விசாரணை ஸுஹேர். நேத்து உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். மடவை ஏரி மடவை, இன்னிக்கு வந்தது, நானே செவுளப் பார்த்துட்டேன். தாராளமா வாங்குங்க.”

சிலர் சிரித்தார்கள். ஒருவர் பருப்பு பிரமாதமாக வந்தது என்று நன்றி சொன்னார். ஒடெட்டுக்கு மட்டும் கோபம். “ஒன் பேச்சக் கேட்டு நான் பருப்பு வெச்சேன். நாலு பூனையும் என் மூஞ்சியப் பார்க்க மாட்டேங்குது. நாளைக்குக் கொடுவா வரலன்னா நானே அங்க கெளம்பி வருவேன்.”

பரகாத் இரண்டாவது டீயையும் குடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்: “மேடம், கடைக்கு வந்துடுங்க. போன் பக்கத்துல ஒரு மெத்தை நாற்காலி போட்டுத் தரேன்.”

“நாற்காலியெல்லாம் போதும், ஹாஜி. ஒருத்தர் போட்ட நாற்காலியில இத்தனை காலம் உக்காந்தாச்சு.”

“அப்போ விலைத்தாள மாத்திடறேன்.”

ஸுஹேரின் கண் டெலிபோன் பக்கம் போனது. ஷௌகிதான் பதில் சொன்னார், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு: “பன்னண்டுலேர்ந்து மூணு வரைக்கும்னா பரவால்ல. மூணுக்கு மேல நான் தூங்கணும்.”

அப்படியே ஆயிற்று. தினமும் காலையில் பரகாத் கூப்பிட்டு, எந்த மீன் எங்கிருந்து வந்தது, எது நேற்றையது என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். நேற்றையதை நேற்றையது என்று விற்பது முதலில் அவருக்குக் கசந்தது. ஸுஹேர் அதைப் பொரிக்கச் சொல்லி, விலையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார். அது விற்றுப்போனது. ஆர்டரை வாங்கிக் கடைக்குச் சொல்வார். வியாழக்கிழமை அவர்கள் வீட்டு மீன் பரகாத் பொறுப்பு.

அந்தக் குளிர்காலம் முழுக்க அப்படித்தான் ஓடியது. இறாலுக்கும் கணவாய்க்கும் நடுவில் கேள்விகள் வந்தன. நியூயார்க்கில் விளக்கு ஏந்தி நிற்கும் பெண் சிலை, முதலில் சூயஸ் கால்வாய் வாசலுக்காக யோசித்தது என்பதை ஒரு டாக்ஸிக்காரர் நம்பவே மாட்டேன் என்றார். “அப்போ ஏன் நமக்குத் தரல?” “அப்போ நாட்ட ஆண்ட கெதீவ் கையில காசில்ல.” “அத நம்பறேன்.” ஒருநாள் ஒரு பையனின் அம்மா, கப்பலின் வயிற்றில் கோடு போட்டிருக்கிறார்களே, அது எதற்கு என்று கேட்டார். ஸுஹேர் தடுமாறினார். பால்கனியிலிருந்து ஷௌகி, “எவ்ளோ சுமை ஏத்தலாம்னு அடையாளம். கோடு முழுகினா கப்பல் கெளம்பக் கூடாது” என்று கத்தினார். பிறகு எழுந்து வந்து ரிசீவரை வாங்கி, கால் மணி நேரம் பேசினார். அதன் பிறகு துறைமுகக் கேள்வி எல்லாம் அவருக்கு என்று ஆகிவிட்டது.

வசந்தத்தில் பரகாத் புதிய விலைத்தாள் அச்சடித்தார். இந்த முறை கடை நம்பர் சரியாக இருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், ‘மற்ற விசாரணைகளுக்கு: மேடம் ஸுஹேர், பகல் பன்னிரண்டு முதல் மூன்று’ என்று இன்னொரு நம்பர். ஸுஹேர் அதை வாங்கி, கொக்கிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

போன வாரம் ஒரு தகப்பனார் கூப்பிட்டார். அவருடைய இரண்டு பெண்களுக்குள் பந்தயமாம். ஸ்டான்லி பாலத்தில் எத்தனை விளக்குக் கம்பம்?

“தெரியலியே” என்றார் ஸுஹேர். “நாளைக்குக் கூப்பிடுங்க.”

மூன்று மணிக்கு ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தபோது ஷௌகி ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இருவரும் மினிபஸ்ஸில் ஏறி ஸ்டான்லியில் இறங்கினார்கள். ஸுஹேர் இந்தக் கோடியிலிருந்து எண்ணினார், ஷௌகி அந்தக் கோடியிலிருந்து. நடுவில் சந்தித்தார்கள். இரண்டு பாதியும் சமமாக வர வேண்டும், ஸுஹேர் பக்கம் ஒன்று குறைந்து கணக்கு உதைத்தது.

“நீ வளைவுல இருக்கற கம்பத்த விட்டுட்ட.”

“அது பாலத்துது இல்ல, சாலையோடது.”

“யார் சொன்னா?”

வேகவைத்த லூபின் பருப்பு விற்கிறவனைக் கேட்டார்கள். அவனுக்கு அதில் ஓர் அபிப்பிராயமும் இல்லை. ஆளுக்கொரு பொட்டலம் வாங்கிக்கொண்டு, இந்த முறை ஒரே பக்கத்திலிருந்து, சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள்.