சன்னல் மூடியிருந்த மூன்று நாட்கள்

தொண்ணூறுகளின் நடுவில் நான் ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் உதவியாளனாக இருந்தேன். திருநெல்வேலிக்கு வெளியே, காற்று தடையில்லாமல் வந்து மோதும் வெட்டவெளியில் எங்கள் அலுவலகம். ஆடியில் மேற்கே மலையில் சாரல் விழும். எங்களுக்கு வருவது காற்று மட்டும். தாள்கள் பறக்காமலிருக்க ஆற்றிலிருந்து பொறுக்கி வந்த உருண்டைக் கற்களை மேசைக்கு மேசை வைத்திருப்போம். சான்றிதழ் வாங்க வருகிறவர்களுக்கான சன்னல் என்னுடையது. கம்பி போட்ட சன்னல். அடியில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி. ஏழு வருடம் நான் பெரும்பாலும் கைகளைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்த்தால் பேச்சு வளரும், வரிசை நகராது.

கடுகடுப்பான ஆள் என்று எனக்குப் பெயர். அதில் வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வேன், காகிதம் இருந்தால் கொடுப்பேன், இல்லையென்றால் இல்லை என்பேன். இதற்கு நடுவே சிரிப்பு எதற்கு என்பது என் கட்சி. ஆனால் எங்கள் பிரிவைப் பற்றிப் புகார்க் கடிதங்கள் குவிந்துவிட்டன. பணியாளர்களுக்குப் பொதுமக்களிடம் பழகும் திறனில் பயிற்சி தருவதென்று மேலிடத்தில் முடிவானது. சுற்றறிக்கை வியாழக்கிழமை வந்தது. படித்தறிந்தேன் என்று கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. எந்தச் சுற்றறிக்கையையும் நாங்கள் படிப்பதில்லை.

மறுநாள் சாயங்காலம், சன்னலை அடைக்கப் போகும் நேரத்தில், சிவப்பு பிளாஸ்டிக் ஃபைல் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் வந்து நின்றார். களக்காட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அஞ்சல் வழியில் பட்டம் முடித்தவர். பி.எட். படிப்பில் காத்திருப்போர் பட்டியலில் அவருடைய முறை வந்திருந்தது.

"புதன்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள சர்ட்டிபிகேட் குடுக்கலன்னா எடத்த அடுத்த ஆளுக்குக் குடுத்துருவோம்னு சொல்லுதாங்க சார். வயசும் போவுது. அடுத்த வருசம் வீட்ல விட மாட்டாக."

"அதிகாரி கையெழுத்து ஒண்ணுதாம்மா பாக்கி. திங்கக்கெழமை காலையில மொத ஆளா வாங்க. தாரேன்."

அன்று எனக்கு என்ன தோன்றியதோ, அந்தச் சான்றிதழை நானே எடுத்துக்கொண்டு மாடியேறி, அதிகாரி வீட்டுக்குக் கிளம்புவதற்குள் கையெழுத்து வாங்கிவிட்டேன். அப்படிச் செய்வது என் வழக்கமில்லை. மேசை இழுப்பறையில் வைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் பெருமையோடுதான் வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் வந்தால், என் சன்னலில் கடைநிலை ஊழியர் பசை தடவி ஒரு தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். பணியாளர் பயிற்சி காரணமாக மூன்று நாட்கள் இந்தச் சன்னல் திறக்கப்படாது என்று அதில் எழுதியிருந்தது. நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட சுற்றறிக்கையில் இருந்தது இதுதான். எல்லோரையும் எதிர்க் கட்டடத்துக் கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். சான்றிதழை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகலாமென்றால், பதிவேட்டில் கையெழுத்து வாங்கி நான்தான் கொடுக்க வேண்டும், அது விதி. தேநீர் இடைவேளையில் வந்து கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

தேநீர் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நான்கு முறை வருகைக் கையெழுத்து. ஒன்று தவறினாலும் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது என்று எங்கள் கண்காணிப்பாளர் அறிவித்தார். அது இல்லாதவர்கள் பதவி உயர்வு பற்றிப் பேச்செடுக்க வேண்டாமாம். பதவி உயர்வுப் பட்டியலில் நான் இரண்டாவது ஆளாக இருந்தேன்.

மதியம் சாப்பாட்டை விட்டுவிட்டு என் சன்னலுக்கு ஓடினேன். காவலாளிதான் நின்றார்.

"ஒரு பொம்பளப்பிள்ள நோட்டீசையே வாசிச்சுக்கிட்டு நின்னுச்சு சார். ரொம்ப நேரம் நின்னுச்சு. இப்பதான் பஸ் ஏறிப் போச்சு."

"நாளைக்கு வரச் சொன்னீரா?"

"மூணு நாளைக்குத் தெறக்காதுன்னு சொல்லிட்டேன்."

அவர்மேல் எரிந்து விழுந்தேன். பாவம், ஒட்டியிருந்ததைத்தான் அவர் சொன்னார்.

பயிற்றுநர் சென்னையிலிருந்து வந்தவர். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. நல்ல மனிதர், வெயிலுக்கு ஒவ்வாத கோட்டு. வருகிறவரைக் கண்டதும் எழுந்து நிற்க வேண்டும், சிரிக்க வேண்டும், உட்காரச் சொல்லித் தண்ணீர் தர வேண்டும், பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும் என்று கண்ணாடித் தாள்களில் எழுதித் திரையில் காட்டினார். செவ்வாய்க்கிழமை அதை எங்களையே நடிக்கச் சொன்னார். சான்றிதழ் கேட்டு அலைகிற தகப்பனாராகத் தபால் பிரிவு நண்பர். சன்னல் உதவியாளராக நான்.

நண்பர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்ந்து வந்தார். "ஏம்வே, ஆறு மாசமா அலையுதேன். என்னயப் பாத்தா கேனப்பய மாதிரி தெரியுதா?"

நான் எழுந்து நின்றேன். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "அண்ணாச்சி, மொதல்ல இரிங்க. இந்தத் தண்ணியக் குடிங்க. ஒங்க சிரமம் எனக்குப் புரியுது. பைய சொல்லுங்க, நான் கேக்கேன்." சொல்லிவிட்டு, பல் தெரியச் சிரித்தேன்.

கூடம் அதிர்ந்தது. "இது நம்ம ஆளுதானா, இல்ல ஆள மாத்திட்டாங்களாவே!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எல்லோரும் கை தட்டினார்கள். ஏழு வருடத்தில் எனக்காக யாரும் கை தட்டியதில்லை.

அப்போதுதான் கூடத்துச் சன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே என் மூடிய சன்னலுக்கு முன்னால், காற்றில் சேலை அடித்துக்கொள்ள, அந்தச் சிவப்பு ஃபைல். மூன்று நாளைக்கு இல்லை என்று சொல்லியும் அந்தப் பெண் மறுபடி வந்திருந்தார். போய்க் கொடுத்துவிட்டு வர ஐந்து நிமிடம் போதும். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

"சூப்பர் சார்," என்றார் பயிற்றுநர். "இன்னொரு தடவை பண்ணுங்க. எல்லாரும் நல்லா கவனிக்கட்டும்."

நான் இன்னொரு தடவை செய்தேன். வருகைக் கையெழுத்துக்குப் பயந்துதான் போகவில்லை என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை அதுவல்ல. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டாவது முறை முன்னைவிட நன்றாகவே சிரித்தேன். முடித்துவிட்டு வெளியே போனபோது அங்கே யாரும் இல்லை. பஸ் நிறுத்தம்வரை நடந்து பார்த்தேன். டவுன் பஸ் போய்விட்டிருந்தது.

புதன்கிழமை அந்தப் பெண் வரவில்லை. காகிதத்தை நானே கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமா என்று காலையிலேயே யோசித்தேன். எந்தக் கல்லூரி என்று தெரியவில்லை. அவர் சொன்னதை நான் காதில் வாங்கவில்லையா, அல்லது சொல்லவே இல்லையா, அதுவும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் களக்காட்டுத் தெரு முகவரி மட்டும் இருந்தது. அன்று பயிற்றுநர் எடுத்த பாடம், எதிரில் இருப்பவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்பது. மூன்று மணிக்கு மேல் நான் கூடத்துக் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு எங்களுக்குச் சான்றிதழ் வழங்கினார்கள். என்னை மேடைக்கு அழைத்துத் தனியாகப் பாராட்டினார்கள். என் பயிற்சிச் சான்றிதழை இழுப்பறைக்குள் அந்தப் பெண்ணின் சான்றிதழுக்கு மேலே வைத்தேன். வேறு இடமில்லை.

வியாழக்கிழமை முதல் ஆளாக அவர்தான் வந்தார். கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்க வைக்காமல் கதவைத் திறந்து உள்ளே அழைத்தேன். விண்ணப்பத்தைப் பார்த்துப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நாற்காலி போட்டேன், தம்ளரில் தண்ணீர் வைத்தேன். பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் கற்றுக்கொடுத்ததையெல்லாம் செய்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவர் உட்காரவில்லை. பதிவேட்டில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.

"எடம் என்னாச்சும்மா?"

"நேத்து அஞ்சு மணி வரைக்கும் கெஞ்சிப் பாத்தேன் சார். அடுத்த ஆளக் கூப்ட்டுட்டாங்க."

"தப்பு எம்மேலதாம்மா. மன்னிச்சிருங்க. இரிங்க, தண்ணியக் குடிங்க," என்றேன். முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சிரித்தும் விட்டேன்.

அவர் சான்றிதழைச் சிவப்பு ஃபைலுக்குள் வைத்தார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு தவறிய இடத்தைக் காட்டுகிறவர் போலச் சொன்னார்.

"செவ்வாக்கெழமை நான் அங்கன நிக்கும்போது ஒங்களப் பாத்தேன் சார். எதுத்தாப்ல சிரிச்சுக்கிட்டு நின்னீங்க. ஒரு அஞ்சு நிமிசம் வெளிய வந்திருந்தா போதும். சிரிக்கக்கூட வேண்டாம்."