தானாகச் சுருண்ட பாய்

இன்று அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் சின்னப் பாய்த்தோணிக்குப் புதுச் சாமான் பூட்டினோம். முன்கம்பியின் அடியில் ஓர் உருளை. அதில் சுற்றிய கயிற்றைப் பின்னால் இருந்து இழுத்தால், பாய் கம்பியில் சுருண்டுகொள்ளும்.

பூட்டியது என் கணவரும் காக்காவும், அதாவது என் அண்ணனும். பாயின் ஓரம் தைத்தது நான்.

பாய் சுருண்டிருக்கும்போதே உருளையில் கயிற்றைச் சுற்றிவிட்டார்கள். அதுதான் பிழை. பாயை விரித்ததும் கயிறு முழுவதும் கழன்றுவிட்டது. திரும்பச் சுருட்ட வழியில்லை. காற்றுக் கிளம்பும் நேரம் கடலில் இப்படி நடந்தால் தோணி கவிழும். விடிந்தால் இவர் கடலுக்குப் போக வேண்டும்.

“மஃரிப் தொழுதுட்டு வந்து மாத்துவம்” என்றார் இவர்.

விரித்த பாயை அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

திரும்பிப் போனபோது பாய் இறுக்கமாகச் சுருண்டிருந்தது. நனைந்த கயிறு பின்கட்டையில் கட்டிக் கிடந்தது. எங்கள் ஊரில் யாரும் போடாத முடிச்சு. ஈர மணலில் எங்கள் காலடிகள் மட்டும்தான்.

“காக்கா, இந்த உருளைய எங்க வாங்கின?” என்று கேட்டேன்.

“பொத்துவில் பக்கம் ஆளில்லாம ஒதுங்கின வெள்ளைக்காரன்ட போட்டுல கழட்டினதாம்.”

நான் காவல் தேடி ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினேன்.

இவர் சிரித்தார். “பயப்படாத புள்ள. நாம பிழையாச் செஞ்சத ஆரோ சரியாச் செஞ்சு தந்திருக்கான். கூலியும் கேக்கல்ல.”

“கடல்ல வெச்சுக் கேட்டா?” என்றேன்.

சிரிப்பு நின்றது. ஸ்பேனரை எடுத்தது காக்காதான்.

கழற்றிய உருளை இப்போது வேலியோரம் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் இனாமாகத் தருகிறேன். வந்த வழியை மறைக்காமல் சொல்லித்தான் தருவேன்.